ஒழுகினால் ரிஜெக்ட்

1
இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. மத்திகிரி டவுன் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண்கள் இருவர் பேசியதை ஒட்டுக்கேட்டேன். கதையில் வரும் கருக்குழாயைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பத்தாம் வகுப்புப் படம்தான். அதிலும் பாகம் குறிப்பதில் மதிப்பெண் போயிற்று. பிழை இருந்தால் பழியை என்மேல் போடுங்கள்.

2
முதல் தொடக்கம்: 'மேகலாவின் விழிகளில் ஏக்கம் ததும்ப, வெறும் தொட்டிலை...'

(அடித்துவிட்டேன். அவளுக்கு ஏங்க நேரமில்லை. காலை ஆறு மணிக்கு ஷிப்ட்.)

மேகலா சிப்காட்டில் பிரேக் குழாய் செய்யும் கம்பெனியில் லீக் டெஸ்ட் பார்ப்பவள். குழாயில் காற்றை அடைத்துத் தண்ணீரில் முக்குவாள். ஒரு குமிழி வந்தாலும் ரிஜெக்ட், சிவப்புப் பெட்டிதான். ஆறு வருடமாக இதே வேலை. கல்யாணமாகி நான்கு வருடம், குழந்தை இல்லை. டாக்டரம்மா ஒரே சீட்டில் இருவருக்கும் எழுதினார்: அவளுக்குக் கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே, கணவன் சிவராஜுக்கு விந்துப் பரிசோதனை. முதலில் உன்னுடையதைப் பார்த்துவிடலாம் என்றான் சிவராஜ். இந்த மாதிரி விஷயங்களில் அவன் பெண்களுக்கு முன்னுரிமை தருபவன்.

3
மாதவிலக்கு முடிந்த மூன்றாம் நாள் லீவு போட்டுப் போனாள். கருப்பைக்குள் மெல்லிய குழாய் வழியே மருந்தை ஏற்றினார்கள். அடிவயிற்றைப் பிழிந்து முறுக்கிய வலி. (இதற்குமேல் அந்த வலியை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.) பல்லைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். வெள்ளைக் கோடு இரண்டு ஓடி, இரண்டு முனையிலும் மருந்து வெளியே சிந்தியது. ஆறு வருடக் கண் உடனே தீர்ப்பு எழுதிவிட்டது.

வெளியே வந்து சிவராஜிடம் அழுதாள். "ரெண்டு பக்கமும் ஒழுவுதுங்க. நான் ரிஜெக்ட்டுங்க."

"விடு. நான் உன்னக் கைவுட மாட்டன்" என்று தலையைத் தடவினான். நான்கு வருடத்தில் அவன் இவ்வளவு அன்பாகப் பேசியதில்லை. பேசிய கையோடு ஊத்தங்கரையில் இருக்கும் அம்மா வெங்கடம்மாளுக்குப் போன் போட்டான்.

4
மறுநாள் ரிப்போர்ட்டோடு அவள் மட்டும் போனாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார். மருந்து வெளியே சிந்தினால்தான் குழாய் திறந்திருக்கிறது என்று அர்த்தமாம். "உனக்கு ஒரு அடைப்பும் இல்லம்மா. அவருக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?"

[மேகலா துள்ளிக் குதித்தாள் என்று எழுதிப் பார்த்தேன். அவள் குதிக்கவில்லை. ரிஜெக்ட் என்றதும் கிடைத்த அன்பு, நல்லதாக இருக்கிறது என்றால் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும்.]

5
முடிவு அ: சிவராஜ் ரிப்போர்ட்டைப் படித்து வெட்கப்பட்டு லேபுக்குப் போகிறான். (நான் இதுவரை எழுதிய சிவராஜை எனக்குத் தெரியும். நம்ப முடியவில்லை.)

முடிவு ஆ: மேகலா ரிப்போர்ட்டை பீரோவில் புடவைகளுக்கு அடியில் ஒளித்துவிட்டு, காலமெல்லாம் அந்த...

எழுதும்போதே வெங்கடம்மாள் பஸ் ஏறி வந்துவிட்டாள். கூடத்தில் உட்கார்ந்து மகனிடம் சொல்கிறாள்: "குத்தம் அவகிட்டத்தான்னு தெரிஞ்சுபோச்சில்ல. வேற பொண்ணு பாக்கட்டுமா?" சிவராஜ் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மேகலா இன்னும் யாருக்கும் காட்டாத ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நிற்கிறாள். சிவராஜிடம் குறை இருக்கிறதா என்று எனக்கே தெரியாது, சோதித்தால்தானே தெரியும். நான் எழுதினால் அவளைத் துணிச்சல்காரியாக்கி ரிப்போர்ட்டோடு கூடத்துக்கு அனுப்பிவிடுவேன். பேர் எனக்கு வரும், அடி அவளுக்கு விழும். அதனால் இரண்டு வாரமாக அவளை அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறேன்.

அவளுக்குக் கால் வலிக்கிறது. உங்கள் வீட்டில் முதலில் லேபுக்குப் போனது யார் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அப்புறம் அவளை வெளியே வரச் சொல்வதா வேண்டாமா என்று நீங்களே சொல்லுங்கள்.