முப்பத்து மூன்றாம் இடத்து நெருப்பு

கெட்டில் ஏரி மாநிலப் பூங்காவில் முப்பத்து மூன்றாம் எண் இடத்தை ட்ரினா ஸ்டென்விக்குக்கு யாரும் பட்டா போட்டுக் கொடுத்துவிடவில்லை. ஆனாலும் பதினோரு வருஷமாக, ஜூலை மூன்றாவது வாரக் கடைசியில் அது அவளுடையதுதான். பதினோரு மாதத்துக்கு முன்பே, ஆகஸ்டில் ஒரு நாள் காலை சரியாக ஒன்பது மணிக்கு முன்பதிவு திறக்கும். ட்ரினா எட்டு நாற்பதுக்கே காபியோடு கணினி முன் உட்கார்ந்துவிடுவாள். ஒன்பதடித்து நாலு விநாடிக்குள் ஏரிக்கரை இடம் அவள் பெயரில் விழுந்துவிடும். அதற்கப்புறம்தான் புருஷன் கர்ட்டை எழுப்புவாள்.

இத்தனை பாடும் ஒரு சாப்பாட்டுக்காக. சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டென்விக் குடும்பம் மொத்தமும் அவள் மூட்டிய நெருப்பைச் சுற்றி மடக்கு நாற்காலி போட்டு உட்காரும். அவளும் கர்ட்டும் ஒன்பது வயது மகள் ஹாட்டியும் மூன்று பேர். கர்ட்டின் தம்பி டேல், அவன் மனைவி மார்னி இரண்டு பேர். கர்ட்டின் தங்கை குடும்பத்தில் நாலு பேர். ஆக ஒன்பது நாற்காலி. கனத்த இரும்புச் சட்டியில் மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, கேரட் எல்லாம் மூன்று மணி நேரம் கனலில் கிடந்து வேகும். ட்ரினா மூடியைத் திறக்கிற நிமிஷத்தில் மற்ற எட்டு முகமும் அவள் பக்கம் திரும்பும். வருஷத்தில் மற்ற நாட்களில் பல் மருத்துவர் ஒருவரின் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கிறவள் அவள். அங்கே அவள் பக்கம் யாரும் திரும்புவதில்லை.

இந்த வருஷம் டேலும் மார்னியும் கேம்பர் வாங்கிவிட்டார்கள். காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு வரும் சக்கர வீடு, இருபத்தாறு அடி நீளம். வெள்ளிக்கிழமை மத்தியானம் முப்பத்து நாலாம் இடத்தில், அதாவது ட்ரினாவின் மூக்குக்கு நேரே, அது வந்து நின்றது. மார்னி ஒரு பொத்தானை அழுத்தினாள். கூரையிலிருந்து பந்தல் தானாக விரிந்தது. இன்னொரு பொத்தானுக்குப் பந்தல் ஓரத்தில் வரிசையாகக் குட்டி விளக்குகள் எரிந்தன.

"அம்மா! உள்ளே மாடிப்படுக்கை இருக்கும்மா! ஐஸ் பெட்டி இருக்கு, ரொட்டி சுடுற அடுப்பு இருக்கு, பாத்ரூம்கூட இருக்கு!" என்று ஹாட்டி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

கூடார முளை அடித்துக்கொண்டிருந்த ட்ரினா நிமிரவில்லை. "வீட்டுலயும்தான் பாத்ரூம் இருக்கு. அதுக்கு எதுக்கு மூணரை மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வரணும்?"

"மார்னி சித்தி என்னை அங்கேயே படுத்துக்கச் சொன்னாங்க."

"சொல்லுவா."

இரண்டு பைன் மரத்துக்கு நடுவே துணிக்கொடி கட்டினாள். வீட்டில் கொடி கட்ட இப்போது மரம் இல்லை. கொல்லையில் நின்ற ஆஷ் மரம் பூச்சி விழுந்து பட்டுப்போய், போன இலையுதிர் காலத்தில் கர்ட்டும் டேலும் அதை வெட்டிச் சாய்த்தார்கள். மூன்று தெரு தள்ளியிருக்கும் டேல் கட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். கொடி போன எரிச்சலில் ட்ரினா அப்புறம் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

ஏழு மணிக்கு நெருப்பு மூட்டினாள். பூங்கா அலுவலகத்தில் முத்திரை போட்டு விற்கிற கட்டு விறகு. சட்டப்படியான விறகுதான், ஆனால் முந்தின வார மழையெல்லாம் அதற்குள் இருந்தது. உஸ்ஸென்று நுரை தள்ளிற்று, புகைந்தது, அணைந்தது. ஊதி ஊதி அவள் கண் சிவந்துவிட்டது. பக்கத்தில் மார்னி ஒரே ஒரு தீக்குச்சி கிழித்தாள். பட்டென்று பற்றிக்கொண்டு, புகையே இல்லாமல், மஞ்சள் சேலையை உதறி விரித்த மாதிரி தீ எழுந்தது.

முதலில் கர்ட்டின் தங்கை எழுந்தாள். "கண்ணு எரியுது ட்ரினா, சித்த அங்கே உட்கார்ந்துட்டு வரேன்." நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டே போனாள். சித்த நேரம் உட்காருகிறவள் நாற்காலியையா தூக்கிக்கொண்டு போவாள்? பின்னாலேயே அவள் புருஷன், இரண்டு பையன்கள். நெருப்பில் வாட்டித் தின்கிற மார்ஷ்மெல்லோ மிட்டாய்ப் பையோடு ஹாட்டி. ட்ரினா எண்ணிக்கொண்டே இருந்தாள். ஐந்து. நாலு. மூன்று. இரண்டு. கடைசியில் கர்ட், "டேலுக்கு ஒரு கை உதவி வேணுமாம்" என்றான். உதவப் போனவன் கையிலும் நாற்காலி இருந்தது.

அங்கிருந்து சிரிப்பு வந்தது. மார்னி ஏதோ சொல்ல, ஹாட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு ட்ரினாவுக்கு நன்றாகத் தெரியும். போன வருஷம் அது இந்தப் பக்கம் இருந்தது. அவள் வயிறு எரிந்தது, விறகு எரியவில்லை.

மறுநாள் காலை ட்ரினா அப்பம் சுடும்போது மார்னி வந்தாள். கையில் ஒரு தட்டு நிறைய, தன் அடுப்பில் சுட்ட இலவங்கப்பட்டை ரொட்டி.

"ட்ரினா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. இன்னிக்குச் சாயங்காலச் சாப்பாட்டை எங்க பக்கமே வெச்சுக்கலாமா? பந்தல் இருக்கு. உன் நெருப்புதான் பாவம், மூக்கால அழுதுட்டிருக்கே."

கர்ட் வாய்விட்டுச் சிரித்தான். ட்ரினா அவனைப் பார்த்த பார்வையில் பாதிச் சிரிப்பை முழுங்கினான்.

"பார்க்கலாம்," என்றாள் ட்ரினா, அப்பத்தைத் திருப்பிப் போட்டபடி. அது ஒரு பக்கம் கருகியிருந்தது.

பத்து மணிக்கு கர்ட்டும் ஹாட்டியும் படகு எடுக்கப் போனார்கள். ட்ரினா காபிக் கோப்பையோடு குளியல் கட்டடத்துப் பக்கம் நடந்தாள். கதவில் அந்தப் பழைய அறிவிப்பு ஒட்டியிருந்தது: வெளி விறகு கொண்டுவராதீர். பத்து மைலுக்கு அப்பாலிருந்து வரும் கட்டைக்குள் பச்சைப் பூச்சியின் புழு ஒளிந்திருக்கும், அது இங்குள்ள ஆஷ் மரங்களையெல்லாம் அரித்துக் கொன்றுவிடும் என்று படத்தோடு போட்டிருந்தது. பதினோரு வருஷமாகப் பார்க்கிற காகிதம்தான். இன்று நின்று வரி வரியாகப் படித்தாள்.

திரும்பும் வழியில் மார்னியின் விறகு அடுக்கைப் பார்த்தாள். பூங்கா முத்திரை இல்லை, பிளாஸ்டிக் சுற்று இல்லை. கோடரியால் பிளந்த கட்டைகள், எலும்பு மாதிரி காய்ந்து வெளுத்திருந்தன. மூன்றரை மணி நேரத் தூரத்திலிருந்து வந்தவை. சந்தேகமே இல்லை.

கால்கள் தாமாகவே நுழைவாயில் பக்கம் திரும்பின. அங்கே கோடை முழுக்கத் தங்கி முகாமைப் பார்த்துக்கொள்ளும் ஆர்வில் இருந்தார். ஓய்வு பெற்ற தபால்காரர், சம்பளமில்லாத வேலை, ஆனால் விதி என்றால் விதி.

"வா ட்ரினா, உட்காரு. என்ன, முகமே சரியில்லையே? ராத்திரி கொசுவா?"

"கொசு இல்ல. ஒரு சந்தேகம் கேக்கலாம்னு வந்தேன். நம்ம வரிசையில யாரோ வெளி விறகு எரிக்கிற மாதிரி இருக்கு. எனக்கென்ன, மரங்களை நெனச்சுத்தான் சொல்றேன்."

"யாரு?"

"முப்பத்து நாலு." சொல்லி முடித்ததும் நெஞ்சில் ஏதோ இனித்தது. "நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது," என்றார் ஆர்வில்.

காற்றில் நடப்பதுபோல் திரும்பி வந்தாள். உருளைக்கிழங்கை உரிக்க உட்கார்ந்தபோது சீட்டியடிக்கக்கூடச் செய்தாள்.

இரண்டு மணிக்கு ஆர்விலின் பேட்டரி வண்டி வந்தது. பின்னாலேயே பச்சை லாரியில் பூங்காக் காவல் அதிகாரி, ஒரு பெண் ரேஞ்சர். படகிலிருந்து அப்போதுதான் திரும்பிய கர்ட்டும் ஹாட்டியும் ஈரக் காலோடு நின்றார்கள்.

"இந்த விறகு எங்கேர்ந்து வந்தது?" என்று ரேஞ்சர் கேட்டாள்.

மார்னியின் முகம் வெளிறியது. டேல் அண்ணனைப் பார்த்தான். கர்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தான்.

"அது என்னோடதுங்க. எங்க வீட்டுக் கொல்லையில நின்ன ஆஷ் மரம். வெட்டி, தம்பி வீட்டுல காயப்போட்டிருந்தேன்."

ட்ரினாவின் கையிலிருந்த உருளைக்கிழங்கு வாளிக்குள் விழுந்தது.

"ஆஷ் மரமா!" என்று அலறியது ரேஞ்சர் அல்ல, ஹாட்டி. பூங்கா பிள்ளைகளுக்குக் கொடுக்கும் குட்டி ரேஞ்சர் பேட்ஜுக்காக இரண்டு நாளாக ஒரு புத்தகத்தைப் பூர்த்தி செய்துகொண்டிருந்தாள். "அப்பா! மூணாம் பக்கத்துல என்ன போட்டிருக்கு? பச்சைப் பூச்சிப்பா! நான் படிச்சுக் காட்டினேனே, நீங்க ம்ம் ம்ம்னீங்களே!"

"காதுல விழலம்மா," என்றான் கர்ட், பரிதாபமாக. பிறகு ட்ரினா பக்கம் திரும்பினான். "வருஷா வருஷம் ஈர விறகோட நீ மல்லுக்கு நிக்கிறே. சனிக்கிழமை நீ சட்டி வைக்கிறப்போ கொண்டாந்து அடுக்கலாம்னு இருந்தேன். உங்கிட்ட முன்னாடியே சொன்னா, விதின்னு சொல்லி வேணாம்பே. இந்த டேல் பய வெள்ளிக்கிழமையே கை வெச்சுட்டான்."

"நாலே நாலு கட்டைதான் எடுத்தேன்," என்றான் டேல்.

ரேஞ்சர் எச்சரிக்கைச் சீட்டை எடுத்தாள். "பேரு?"

"கர்ட் ஸ்டென்விக்."

"இடம்?"

"முப்பத்து மூணு."

ட்ரினா கண்ணை மூடிக்கொண்டாள். பதினோரு வருஷத்தில் அந்த எண்ணை எந்தச் சீட்டிலும் யாரும் எழுதியதில்லை.

டேலும் கர்ட்டும் கட்டைகளைப் பையில் கட்டி லாரியில் ஏற்றினார்கள். சில்லுகூட விடாமல் ஹாட்டி பொறுக்கிப் போட்டாள். எல்லாம் முடிந்து ஆர்வில் வண்டியில் ஏறப்போனார். என்னவோ ஞாபகம் வந்தவராக இருக்கைக்கு அடியில் கைவிட்டு ஒரு நீல எனாமல் கோப்பையை எடுத்தார்.

"காலையில என் இடத்துல இதை மறந்துட்டுப் போயிட்டியே, ட்ரினா."

கோப்பையின் பக்கவாட்டில் சிவப்பு நகப்பூச்சால் அவள் பெயர் இருந்தது. அவளே எழுதியது. எதையும், ஒரு கரண்டியைக்கூட, எங்கும் விட்டுவிட்டு வராதவள். ஆர்வில் சொன்ன சொல் மீறாத மனிதர், ஆனால் கோப்பையைப் பற்றி யாரும் அவரிடம் வாக்கு வாங்கவில்லை.

வண்டி போய்விட்டது. மார்னி கோப்பையைப் பார்த்தாள், பிறகு ட்ரினாவைப் பார்த்தாள், பிறகு கேம்பருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்று மணி. சட்டி வைக்க வேண்டிய நேரம். ட்ரினா இறைச்சியை அடுக்கினாள், மூடினாள், விறகைப் பற்றவைத்தாள். உஸ்ஸென்றது, புகைந்தது, அணைந்தது. கர்ட் உதவ வந்தான், அவள் கையால் தடுத்தாள். மூன்றே கால். மூன்றரை. அவ்வளவுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு கையாலும் சட்டியைத் தூக்கிக்கொண்டு, முப்பத்து நாலாம் இடத்துக்கு நடந்து, முழங்கையால் கதவைத் தட்டினாள்.

மார்னி திறந்தாள். கண் லேசாகச் சிவந்திருந்தது.

"நான்தான் சொன்னேன்," என்றாள் ட்ரினா.

"கோப்பையைப் பார்த்தேன்."

"உன் அடுப்புல இதை வெச்சுடு. சாப்பாடு இங்கேயே ஆகட்டும்."

மார்னி சட்டியை வாங்கவில்லை. "எதுக்கு ட்ரினா? ஒரே ஒரு சாயங்காலம். பதினோரு வருஷமா உன் நெருப்புப் பக்கத்துல உட்கார்ந்து, ஆகா பிரமாதம்னு சொல்லிட்டுப் போறவ நான். நேத்து ஒரு நாள் எல்லாரும் என் பக்கம் வந்தாங்க. அதுவும் உன் புருஷன் வெட்டின விறகுக்கு."

ட்ரினா சட்டியைப் படியில் இறக்கி வைத்தாள்.

"வெளியில நெருப்புல வேகலைன்னா இந்த வீட்டு ஆளுங்க மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பாங்க. அந்தப் பழி எனக்கு வேண்டாம்," என்று மார்னி உள்ளே போனாள். திரும்பி வந்தபோது ஒரு கையில் சுருட்டிய எக்ஸ்டென்ஷன் வயர், மறு கையில் ரோஜா நிற ஹேர் டிரையர்.

கேம்பரின் மின்கம்பத்திலிருந்து வயர் புல் மேல் ஓடி முப்பத்து மூன்றுக்கு வந்தது. மார்னி மண்டியிட்டு, சலூனில் முடி உலர்த்துகிறவளைப்போல் ஒவ்வொரு கட்டையாகத் திருப்பித் திருப்பி ஊதினாள். பத்து நிமிஷம் நீராவிதான் வந்தது. பிறகு அடியில் மிச்சமிருந்த கனல் சிவந்தது. பிறகு குப்பென்று பிடித்துக்கொண்டது.

"மார்னி சித்தி, நீங்க பெரிய கெட்டிக்காரி!" என்று ஹாட்டி கைதட்டினாள்.

ட்ரினாவுக்குச் சுருக்கென்றது. இத்தனைக்குப் பிறகும் சுருக்கென்றது. அவள் அதை யாருக்கும் காட்டாமல் குனிந்து சட்டியைக் கனல்மேல் வைத்தாள்.

ஏழு மணிக்கு, ஏரிமேல் வெயில் இன்னும் மிச்சமிருக்கும்போது, நாற்காலிகள் ஒவ்வொன்றாக வந்தன. அவள் எண்ணினாள். எட்டு. ஹாட்டி தன் நாற்காலியை மார்னியின் நாற்காலியோடு ஒட்டிப் போட்டிருந்தாள். மூடியைத் திறந்ததும் எல்லா முகமும் திரும்பின. ட்ரினா முதல் தட்டை மார்னியிடம் நீட்டினாள்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்," என்றாள் மார்னி, ஒரு வாய் தின்றுவிட்டு.

"தெரியும்," என்றாள் ட்ரினா.

நெருப்புக்கு ஒரு பக்கம் மட்டும் காலியாக இருந்தது. புகை போகிற பக்கம். ட்ரினா ஒன்பதாவது நாற்காலியை அங்கே விரித்து உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.