கணவனின் ஆசனம்

கோட்டில் வழக்குப் பேசும் புரக்டர் கனகசுந்தரம் எம்.பி. ஆகி இரண்டு வருடம்கூட முடியவில்லை. கிளிவெட்டிப் பாடசாலையில் அவர் வேலை எடுத்துக் கொடுத்த ஆசிரியை அருள்மலர் ஒரு பெண்பிள்ளையைப் பெற்றாள். ஞானஸ்நானத்தின்போது சுவாமியார் தகப்பன் பெயரைக் கேட்க, அவள் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். ஒரு கிழமைக்குள் கதை திருகோணமலை முழுக்கப் பரவியது. கனகசுந்தரம் பதவியைத் துறந்தார். அருள்மலரை வேலையால் நிறுத்தினார்கள்.

அடுத்த நாளே கட்சிக்காரர் குணரத்தினம் உட்துறைமுக வீதி வீட்டுக்கு வந்து கனகசுந்தரத்தின் மனைவி புஷ்பவதிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டார்.

"அக்கா, இடைத்தேர்தலிலே நீங்கள் நிக்கவேணும். பொம்பிளையளின்ர வாக்கு முழுக்க உங்களுக்குத்தான்."

"எனக்கு மேடையில கதைக்க ஏலாது."

"நான் எழுதித் தாறன்," என்றார் கனகசுந்தரம். நடந்ததற்கு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்காதவர், அன்றே பேச்சை எழுதத் தொடங்கினார்.

எழுதியதை வாசித்த புஷ்பவதி ஓரிடத்தில் நிறுத்தினாள். "'ஒரு கெட்டவள் விரிச்ச வலை' எண்டு போட்டிருக்கிறியள். வலை விரிச்சது அவளோ?"

"அதைச் சொன்னால்தான் சனம் அழும்."

சனம் அழுதது. வெருகலில் பெண்கள் அவளுடைய கையைப் பிடித்து விம்மினார்கள். ஒவ்வொரு ஊரிலும் அந்த வரியைச் சொல்லும்போது முதலில் நாக்குக் கூசியது. பத்தாவது கூட்டத்தில் கூசவில்லை. கணவனைவிடக் கூடுதலான வாக்குகளால் வென்றாள்.

வென்ற மறுகிழமை அருள்மலர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கனகசுந்தரம் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அம்மா, கல்விக் கந்தோருக்கு நீங்கள் ஒரு கடிதம் தந்தால் என்னைத் திருப்பி எடுப்பினம்."

புஷ்பவதி பிள்ளையைப் பார்த்தாள். அவருடைய நெற்றி, அவருடைய காது.

"உன்னைத் திட்டித்தான் நான் வெண்டனான். இப்ப எப்பிடிக் கடிதம் தாறது?"

"நீங்கள் திட்டினது எனக்கும் கேட்டதுதான், அம்மா. நான் நிண்டது ஸ்பீக்கர் கட்டின மரத்தடியில."

அவள் அழவில்லை. பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு படியிறங்கினாள். கேற்றடி வரைக்கும் போய் அவளைக் கூப்பிடவேண்டும்போல் புஷ்பவதிக்கு இருந்தது. போகவில்லை. அருள்மலருக்கு வேலை திரும்பக் கிடைக்கவேயில்லை. கப்பல்துறையில் சட்டை தைத்துக் கொடுத்துப் பிழைக்கிறாள் என்று புஷ்பவதி பிறகு கேள்விப்பட்டாள்.

அறுபத்தைந்தில் பொதுத்தேர்தல் வந்தது. குணரத்தினம் மறுபடி வந்தார். "சனம் எல்லாத்தையும் மறந்திட்டுது, அக்கா. இனி ஐயாவே நிக்கட்டும்."

"ஓம், நீர் களைச்சுப்போனீர்," என்றார் கனகசுந்தரம் பரிவோடு.

புஷ்பவதி மேடைகளில் அவருக்குப் பக்கத்தில் மாலையோடு இருந்தாள். வாக்களிப்பு நாளன்று மறைப்புக்குள் போய், எதிர்க்கட்சிக்காரனுடைய சின்னத்துக்கு நேரே அழுத்திப் புள்ளடி போட்டாள்.

கனகசுந்தரம் மூவாயிரம் வாக்குகளால் வென்றார்.