இடம் மாறிய இரண்டு குழாய்கள்

தண்டலத்தில் மெக்கானிக் ஷெட் போட்டிருக்கும் ஷீபாவுக்குத் தன் கைமேல் அசாத்திய நம்பிக்கை. இருக்காதா பின்னே? ஓரகடத்து லாரி கம்பெனி ஒன்றில் வருஷக்கணக்காகக் குழாய் மாட்டிய கை அது. மாட்டியதும் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுப்பாள். கோடு விழுந்துவிட்டால் வேலை முடிந்தது, அப்புறம் அதை யாரும் தொடக்கூடாது. கம்பெனி அசெம்பிளி லைனில் அதுதான் சட்டம். சொந்த ஷெட்டிலும் அவள் அதை விடவில்லை.

அன்று மதியம் அவள் கோடு போட்டு முடித்தது வேல்ராஜின் பழைய டீசல் லாரிக்கு. கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி. வேல்ராஜ் கோவில்பட்டிப் பக்கத்து டிரைவர். ஒரு விபத்தில் இடது முழங்கால் மடங்காமல் போனதிலிருந்து கம்பெனி வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்து நொந்துபோயிருந்தான். கைக்காசையெல்லாம் போட்டு இந்த வண்டியைப் பிடித்திருந்தான். கேன்டீன் நடத்தும் சுபஸ்ரீக்குச் சாப்பாடு ஏற்றிப்போக ஆள் தேவை. வண்டி ஒழுங்காக ஓடினால் அந்த வேலை அவனுக்கு. இல்லையென்றால் பழையபடி வாட்ச்மேன் ஸ்டூல்தான்.

சுபஸ்ரீ விவரமானவள். சோதித்துப் பார்க்க ஒரு அண்டா சாம்பாரோடு வந்துவிட்டாள்.

"ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க. சிந்தாம வந்தா நாளைக்கே வேலைக்கு வரலாம்."

வேல்ராஜ் போனான். போன வேகத்தில் வண்டி குதித்துக் குதித்துத் திரும்பியது. பின்கதவு இடுக்கில் சாம்பார் ஒழுகிக்கொண்டிருந்தது.

"முத கியர்லயே கெடந்து கத்துதுக்கா. பொறவு டமார்னு மாறுது. நான் மெதுவாத்தான் மிதிச்சேன்." சொல்லும்போதே அவன் முகம் தொங்கிவிட்டது.

"இன்னா ஷீபா, இப்டி ஓட்டினு போனா ஷிஃப்டுக்கு வெறும் இட்லிதான் போய்ச் சேரும்" என்றாள் சுபஸ்ரீ. "நான் வேற வண்டி பாத்துக்கறேன்."

"கொஞ்சம் இரு மேடம். பாக்காம வுட மாட்டேன்" என்றாள் ஷீபா.

டீசல் எஞ்சினுக்குத் தானாகக் காற்றை உறிஞ்சும் இழுவை, அதாவது வேக்குவம், கிடையாது. அதற்கென்று ஒரு பம்பு உண்டு. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்ற சேதி அந்த இழுவையாக, ஒரு வால்வு வழியே, குழாயில் கியர்பாக்ஸுக்குப் போகவேண்டும். மிதி கூடக்கூட இழுவை குறையும். சேதி போகாவிட்டால் கியர்பாக்ஸ் முழு மிதி என்று நினைத்துக்கொண்டு முரட்டுத்தனம் செய்யும்.

ஷீபா ஆயிலைப் பார்த்தாள். பம்பில் மீட்டரை வைத்தாள், முள் துள்ளியது. கியர்பாக்ஸ் முனையில் வைத்தாள், முள் அசையவில்லை. நடுவில் இருந்தது வால்வு மட்டும்தான். அதன் இரண்டு வாயிலும் அவளுடைய மஞ்சள் கோடு பளிச்சென்று இருந்தது.

அவளுக்கு முகம் சூடேறியது. கோடு போட்டதை உருவக் கை வரமாட்டேன் என்றது. கம்பெனி லைனில் வால்வின் இடது வாய்தான் எப்போதும் பம்புக்கு. இந்த வண்டியில் வால்வையே திருப்பி மாட்டியிருக்கிறார்கள், பம்புக்கு உரியது வலது வாய். பழக்கப்பட்ட கை நேராக இடதுபக்கம் போயிருக்கிறது. கோடும் போட்டதால் அவள் கண் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"தப்பு வண்டி மேல இல்ல தம்பி. ரெண்டு ஓஸ் பைப்பையும் நான்தான் மாத்திச் சொருவிட்டேன்" என்றாள், சுபஸ்ரீக்கும் கேட்கும்படி.

"நீங்களாக்கா?" வேல்ராஜால் நம்பமுடியவில்லை.

"நானேதான். இப்ப சரி பண்றதும் நானேதான். ஏறி உக்காரு."

தின்னரில் துணியை நனைத்துக் கோடுகளை அழித்தாள். குழாய்களை மாற்றிச் செருகினாள். முள் எழுந்தது. வேல்ராஜ் மிதிக்க மிதிக்க இறங்கியது, காலை எடுத்ததும் ஏறியது. ஷீபாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மிச்சச் சாம்பாரோடு அண்டா மறுபடி கிளம்பியது. வண்டி சத்தமில்லாமல் திரும்பி ஹைவே பக்கம் போனது. போனது போனதுதான். அவனுக்கு வாங்கி வைத்த டீ ஆறிப்போயிற்று, ஆளைக் காணோம்.

"என் அண்டாவோட ஓடிட்டானா?" என்றாள் சுபஸ்ரீ.

ஒருவழியாக வந்து நின்றான். சுபஸ்ரீ பின்னால் ஏறி மூடியைத் திறந்தாள். மிச்சச் சாம்பார் ஒரு சொட்டும் சிந்தாமல் அப்படியே கிடந்தது.

"நாளைக்குக் காலைல வந்துடுங்க. இப்ப எறங்கி ஒரு கை புடிங்க, அண்டாவ எறக்கணும்."

வேல்ராஜ் ஸ்டீயரிங்கை விடவில்லை. கண் கலங்கியிருந்தது, அதை அவன் மறைக்கவும் இல்லை.

"அது பாட்டுக்கு இருக்கட்டும் மேடம்" என்றான். "கேன்டீன் எங்கன இருக்குன்னு மட்டும் சொல்லுங்க, நானே கொண்டுபோயி எறக்குதேன்."