கூட்டாளிக்குப் பக்கத்தில்

வெந்நீரில் முக்கிய துண்டைப் பிழிந்து, வேலம்மாள் கணவன் மாதேஸ்வரனின் நெற்றியைத் துடைக்கத் தொடங்கினாள். வாசலில் கூடியிருந்தவர்களில் ஒருவரும் இன்னும் அழ ஆரம்பிக்கவில்லை. அழலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா என்று அவர்களுக்கே பிடிபடவில்லை.

“நல்லாப் பாத்தீங்களா டாக்டரம்மா?” என்று மாதேஸ்வரனின் அக்கா கனகா மறுபடியும் கேட்டாள்.

“பாத்துட்டேம்மா. தூக்கத்துலயே போயிருக்காரு. கஷ்டப்படல.”

“அதுக்கில்லீங்க. எங்க தம்பி விசயத்துல ஒருக்கா ஏமாந்துட்டமுங்க.”

அந்த டாக்டர் ஏற்காட்டுக்குப் புதிது. ஒன்றும் புரியாமல் வேலம்மாளைப் பார்த்தார். வேலம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

“இந்தத் தடவ நெசந்தானுங்க. நானே தொட்டுப் பாத்துட்டேன்” என்றாள்.

அதற்குப் பிறகுதான் கனகா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் குரல் எழும்பியதும் எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்த மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

வேலம்மாள் அழவில்லை. அவசரப்படாமல் முகத்தைத் துடைத்தாள். கண்ணிமைகள், காது மடல்களின் பின்புறம், சவரம் செய்யாத தாடை. கீழுதட்டுக்குக் கீழே ஒரு சின்னத் தழும்பு. காப்பிச் செடி கவாத்து செய்யும்போது கத்தி நழுவிப் பட்டது.

“எந்திரிம்மா. ஆம்பளைங்க குளிப்பாட்டிக்குவாங்க” என்றாள் யாரோ ஒருத்தி.

“மூஞ்சிய மட்டும் நான் தொடச்சுடறனே. அன்னிக்குத்தான் பாக்க வுடலியே.”

அன்றைக்கு அவளுக்கு முகத்தைக் காட்டவில்லை. காட்டுவதற்கு முகம் என்று ஒன்று மிஞ்சியிருக்கவும் இல்லை. அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு மலையேறிய லாரி ஒரு கொண்டை ஊசி வளைவில் உருண்டு எரிந்துபோனது. டிரைவர் ஒருவர், கிளீனர் ஒருவர், இரண்டு பேர் என்றார்கள். கிளீனர் வேலைக்குப் போயிருந்தவன் மாதேஸ்வரன். போலீஸ்காரர் ஒரு ஸ்வெட்டர் கையைக் கொண்டுவந்து நீட்டினார். முழங்கை கிழிந்த இடத்தில் பச்சை நூலால் ஒட்டுப்போட்டிருந்தது. அந்த ஒட்டைத் தைத்தவள் வேலம்மாள்தான். “அவருதுதானுங்க” என்று சொல்லிவிட்டு மயங்கி விழுந்தாள். அப்போது அவளுக்கு இருபத்துநாலு வயசு. மகள் சசிரேகா இடுப்பில் இருந்தாள்.

துணியில் சுற்றி வந்த உடம்பை எஸ்டேட் இடுகாட்டில் புதைத்தார்கள். வளையல் உடைத்தார்கள், தாலியைக் கழற்றினார்கள். இரண்டையும் செய்தவள் கனகாதான். அந்த நாட்களில் வேலம்மாள் அழுத அழுகையை லைனில் இன்றைக்கும் பேசுவார்கள். சாப்பிட மறந்தாள். பிள்ளைக்குப் பால் கொடுக்கவும் மறந்தாள்.

கருமாதி அன்று மத்தியானம் பந்தி நடந்துகொண்டிருந்தது. கையில் ஒரு மிட்டாய்ப் பொட்டியுடன் மாதேஸ்வரன் மேட்டுப்பாதையில் நடந்து வந்தான். எதிரே ரசவாளியோடு வந்த பக்கத்து வீட்டு எல்வினை நிறுத்தி, “ஏண்டா, எங்கூட்டுல என்னடா விசேசம்?” என்று கேட்டான். எல்வின் வாளியைப் போட்டுவிட்டு, ஏசுவே என்று கத்திக்கொண்டு காப்பிக் கொட்டகை வரை ஓடினான்.

நடந்தது இவ்வளவுதான். லாரி அடிவாரத்தில் டீக்கு நின்றபோது, ஹூப்ளிக்குப் போகும் இன்னொரு வண்டிக்கு ஆள் தேவைப்பட்டது. மாதேஸ்வரன் அதில் தாவிவிட்டான். வீட்டில் சொல்லிவிடுகிறேன் என்று பழைய டிரைவர் ஒத்துக்கொண்டார். டீக்கடை ஓரத்தில் ஒரு ஆள், மேலே போகணும், வண்டி கிடைக்குமா என்று கேட்டு நின்றிருந்தார். மெல்லிய சட்டை, நடுங்கிக்கொண்டிருந்தார். “மேல குளுரு தாங்காதுங்க” என்று மாதேஸ்வரன் தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவருக்குக் கொடுத்தான். தன் இடத்தில் ஏற்றியும் விட்டான்.

அந்த ஆள் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. போலீஸ் விசாரித்தது. பேப்பரில் போட்டார்கள். தேடி ஒருவரும் வரவில்லை.

திரும்பி வந்த மாதேஸ்வரனை வேலம்மாள் கட்டிக்கொள்ளவில்லை. பக்கத்தில் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்து, சூடு இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு ஓங்கி ஒரு அறை விட்டாள். அதன்பிறகுதான் அழுதாள். பெரியவர்கள் கூடிப் பேசி, கழற்றிய தாலியை மறுபடி கட்டத்தான் வேணும் என்றார்கள். சேர்வராயன் கோயிலில் வைத்து மஞ்சள் கயிறு கட்டினான். அப்பா அம்மா கல்யாணத்தைப் பார்த்த பிள்ளை என்று சசிரேகாவை ஊரெல்லாம் கேலி செய்தது. கோபி அதற்குப் பிறகு பிறந்தவன். “செத்தவனுக்குப் பொறந்தவன்டா நீ” என்று மாதேஸ்வரனே அவனை மடியில் போட்டுக் கொஞ்சுவான்.

ஒரு புருசனுக்கு இரண்டு முறை வாழ்க்கைப்பட்டவள் என்று வேலம்மாளைக் காட்டி, வெளியூர்க்காரர்களிடம் கதை சொல்வார்கள். அவளுக்கு அதில் வெட்கம் இருந்ததில்லை. திரும்பி வந்தபிறகு அவன் குடித்துவிட்டு வந்த நாளும் உண்டு. சண்டை போட்டுச் சோறு தின்னாமல் படுத்த நாளும் உண்டு. அப்போதெல்லாம் அவளுக்குக் கோபம் பாதியிலேயே அணைந்துபோகும். இல்லாமல் போயிருக்க வேண்டிய மனுசன், இருந்து சண்டை போடுகிறானே என்று தோன்றிவிடும்.

உச்சிப்பொழுதுக்கு முன் வாழப்பாடியிலிருந்து கொழுந்தனார் ராமசாமி வந்து சேர்ந்தார். கூடவே ஒரு ஆம்புலன்ஸ் வண்டி.

“அண்ணி, ஊருக்கே எடுத்துட்டுப் போயிரலாம். எங்கப்பா பக்கத்துல எடம் இருக்குது.”

வேலம்மாள் தலையை ஆட்டினாள். “இங்கியே வெச்சுக்கலாம் தம்பி. கூட்டாளிக்குப் பக்கத்துல.”

அந்தப் பெயர் தெரியாத ஆளை மாதேஸ்வரன் கூட்டாளி என்றுதான் சொல்வான். வருசா வருசம் அந்தத் தேதிக்கு மண்ணைக் கூட்டி மேடாக்குவான். ஒரு டீயும் பன்னும் வைப்பான். தானும் ஒரு டீயைக் குடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவான். என்னத்தைப் பேசுவான் என்று அவள் கேட்டதில்லை.

ராமசாமிக்கு முகம் சிவந்துவிட்டது. “என்னங்க அண்ணி இது! சொந்த பந்தம் இருக்கறப்ப, எவனோ ஒரு அனாதப் பொணத்துக்குப் பக்கத்துலயா? நாளைக்கு ஊருல என்ற மூஞ்சிய எங்க வெக்கறது? ஏண்டா கோபி, நீயாச்சும் சொல்லுடா.”

கோபி அம்மாவைப் பார்த்தான், சித்தப்பாவைப் பார்த்தான். “அம்மா, சித்தப்பா வண்டியெல்லாம் கொண்டாந்துட்டாரு...” என்று இழுத்தான்.

வேலம்மாள் துண்டை வாளியில் போட்டுவிட்டு எழுந்தாள்.

“தம்பி, அன்னிக்கு நீங்க எப்பிடி அழுதீங்கன்னு நெனப்பு இருக்குதா?”

ராமசாமி தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தார்.

“அந்தக் குழிக்குள்ள எறங்கி, என்னையும் போட்டு மூடுங்கன்னு கத்துனீங்க. நாலு பேரு இழுத்துட்டு வந்தாங்க. என்ற அழுகைய நீங்களே பாத்தீங்க. கனகாக்கா நாள் கணக்கா சோறு எறங்காம கெடந்துச்சு. அத்தனையும் யாருக்குங்க போச்சு? அந்த மனுசனுக்குத்தானுங்க போச்சு. நம்ம ஊட்டு அழுகைய வாங்கிட்டுப் படுத்திருக்கறவரு எப்பிடிங்க அனாதையாவாரு?”

வாசலில் ஒப்பாரி நின்றிருந்தது. ராமசாமி துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தார். பிறகு டிரைவரிடம் போய்த் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். வண்டி பின்வாங்கித் திரும்பி, ஒண்டிக்கடைப் பக்கமாக இறங்கிப் போனது.

“கடப்பாறை எங்கடா இருக்குது?” என்று கோபியைக் கேட்டார்.

கனகா மெதுவாக வேலம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் பார்வை வேலம்மாளின் கழுத்தில் கிடந்த கயிற்றின்மேல் இருந்தது.

“சாயந்தரம் சடங்கு ஒண்ணு இருக்குதேம்மா.”

“அதையும் அன்னிக்கே பண்ணிட்டீங்களேக்கா. ஒரு ஆளுக்கு எத்தன வாட்டி?”

அன்றைக்கு உடைத்த வளையலின் சில்லு வேலம்மாளின் கையில் குத்தி ரத்தம் வந்ததும், தானே அதைச் சேலையால் அழுத்திப் பிடித்ததும் கனகாவுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். வேலம்மாளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“சரி வுடு. கேக்கறவங்களுக்கு நான் சொல்லிக்கறேன்.”

சசிரேகா பனமரத்துப்பட்டியிலிருந்து வந்து சேர்ந்ததும் எடுத்தார்கள். மேளம் முன்னால் போனது. பாடையின் ஒரு முனையை எல்வின் தோளில் தாங்கியிருந்தார். அவருக்கும் தலை நரைத்து, முழங்கால் தேய்ந்துவிட்டது. வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. பத்து நாளைக்கு முன் பெய்த மழையில் காப்பி பூத்திருந்தது. சரிவு முழுக்க வெள்ளை. குறுகலான பாதையில் கிளைகள் பாடையில் உரச, தூக்கியவர்கள் குனிந்து குனிந்து போனார்கள்.

பெண்கள் தார் ரோடு வரைதான் வருவது வழக்கம். வேலம்மாள் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றாள். மஞ்சக்குட்டை பஸ் வளைவைத் திரும்பி வந்தது. பாடையைக் கண்டதும் டிரைவர் ஓரங்கட்டி இஞ்சினை நிறுத்தினார். உள்ளே இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். ஜன்னலோரம் பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒரு பெண், வேலம்மாளை யாரென்று அறியாமல் தலையை வெளியே நீட்டினாள்.

“யாருங்கக்கா?”

“எங்கூட்டுக்காரருங்க” என்றாள் வேலம்மாள்.

அந்தப் பெண் சட்டென்று பிள்ளையின் தலையைச் சேலையால் மூடிக்கொண்டாள். பாடை ரோட்டைக் கடந்து எதிர்ச் சரிவில் இறங்கியது. மேளச் சத்தம் செடிகளுக்குள் போய்த் தேயும்வரை டிரைவர் வண்டியை எடுக்கவில்லை.