கமராவுக்கு வைத்த பொட்டு

இறுப்பிட்டியில் இரஞ்சிதத்தின் வீட்டுக்கும் அவளுடைய அண்ணை தியாகலிங்கத்தின் வீட்டுக்கும் நடுவே ஒரு பனைமட்டை வேலியும் ஒரு சின்னப் படலையும்தான். அண்ணை ரொறன்ரோவில் இருக்கிறார். வீடு இங்கே இருக்கிறது. இரண்டையும் இழுத்துப் பிடித்து வைத்திருப்பது இரஞ்சிதத்தின் இடுப்பில் தொங்கும், அந்த வீட்டைப் பூட்டித் திறக்கிற திறப்புக் கோர்வை.

சரியாகச் சொன்னால் அது அண்ணையின் வீடும் அல்ல. அவருடைய மனைவி பவளராணியின் சீதன வீடு. முற்றத்து மூலையில் நிற்கிற கறுத்தக்கொழும்பான் மாமரமும் சீதனத்தோடு வந்ததுதான். தொலைபேசி எடுத்தால் ராணி மச்சாள் முதலில் மரத்தைச் சுகம் விசாரிப்பாள், பிறகு கூரை, பிறகு கிணறு. மனிதர்களின் முறை வருவதற்குள் பெரும்பாலும் அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிடும்.

அந்த மரத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதல் ஆய்ச்சல் பழம் நயினாதீவு அம்மாளுக்கு. திருவிழாவுக்குப் படகேறி, கூடையோடு போய்ப் படைத்த பிறகுதான் வீட்டார் வாயில் வைக்கலாம். மூன்று பருவமாக இந்த ஒழுங்கு கெட்டுப்போயிருந்தது. காய் காயாக இருக்கும்வரை மரத்தில் இருக்கும். மஞ்சள் விழத் தொடங்கினால் ஒவ்வொரு இரவும் குறையும். கூடைக்கு ஆயப் போனால் அணில் கொறித்த மிச்சம்தான் கிடைக்கும்.

மரநாய்தான் தின்கிறது என்று இரஞ்சிதம் சொன்னாள். மரநாய் தின்றால் தோலும் கொட்டையும் கிடக்க வேண்டுமே என்று ராணி கேட்டாள். கேள்வி நியாயமானது. தோலும் கொட்டையும் கிடக்கத்தான் கிடந்தன. ஆனால் இரஞ்சிதம் சுத்தமான மனுசி. விடிந்ததும் விளக்குமாற்றோடு வந்து, தனக்காகச் சாட்சி சொல்லக்கூடிய அத்தனையையும் கூட்டி அள்ளிக் குப்பைக் கிடங்கில் போட்டுவிட்டுத்தான் தேத்தண்ணிக்குப் போவாள்.

ராணி ஒருநாளும் வாய் திறந்து களவு என்று சொன்னதில்லை. இந்த முறையும் அம்மாளுக்குப் பழம் போகாவிட்டால், திறப்பை ஊர்காவற்றுறையில் இருக்கிற தன்னுடைய ஒன்றுவிட்ட தங்கையிடம் கொடுத்துவிடுவது எல்லோருக்கும் நிம்மதி என்று மட்டும் சொன்னாள். அன்று இரவு இரஞ்சிதம் புட்டைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழும்பினாள். அவளுடைய புருசன் தம்பிஐயா மாத்தறையில் இருபது வருசத்துக்கு மேல் கடை நடத்தியவர். திறப்புப் போனால் நம்பிக்கையும் போய்விட்டது என்று அவருக்குத் தெரியும். ஆகையால் ஆறுதல் சொல்லாமல், அவளுடைய புட்டையும் தன்னுடைய தட்டில் போட்டுக்கொண்டார்.

இதற்கு ஒரு முடிவு காண்பதற்காகத் தியாகலிங்கம் வாட்ஸ்அப்பில் 'மாமரப் பாதுகாப்பு' என்றொரு குழுவைத் தொடங்கினார். ஒரு மரத்துக்காக நாலு நாட்டு ஆட்கள் ஒன்றுகூடியது அந்தக் குடும்பத்தில் அதுவே முதல் தடவை. வீட்டுக்குப் பூட்டுகிற சாதாரண கமரா சரிவராது, மின்சார வயரை அணில் கடித்துவிடும் என்றார் சுவிஸ் சித்தப்பா. அப்படியானால் காட்டில் மான் பார்க்கக் கட்டுகிற கமராதான் வேண்டும் என்றான் லண்டன் மருமகன். அது பற்றரியில் ஓடும். சும்மா தூங்கிக்கொண்டிருக்கும். உடம்புச் சூடு உள்ளது எதுவும் முன்னால் அசைந்தால் விழித்துப் படம் எடுக்கும். உள்ளே சிம் போட்டுவிட்டால் அந்தப் படத்தை நேராகக் குழுவுக்கே அனுப்பும்படி ஒழுங்கு பண்ணலாம். இருட்டில் மெல்லிய சிவப்பு வெளிச்சம் தெரிகிறதை வாங்குவதா, ஒன்றுமே தெரியாததை வாங்குவதா என்பதில் பெரிய சண்டை வந்தது. சிவப்பைக் கண்டால் கள்ளன் பயந்து ஓடிவிடுவான் என்றது லண்டன். ஓடினால் எப்படிப் பிடிக்கிறது என்றது சுவிஸ். கடைசியில் ராணி, தனக்கு ஆளைப் பார்க்க வேண்டும் என்றாள். வெளிச்சம் தெரியாததே வாங்கப்பட்டது.

யாருடையதோ பயணப்பெட்டியில் கமரா வந்து சேர்ந்தது. கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதற்காக அதன்மேல் கனடாக் காட்டின் இலையுதிர்காலத்தை அச்சடித்திருந்தார்கள். செம்மஞ்சள் நிற இலை இறுப்பிட்டியில் எந்த மரத்திலும் இல்லை. மாமரத்துக்கு எதிரே பூவரசில் கட்டியதும் றோட்டால் போன தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, யாருடைய பார்சல் அது என்று கேட்டார்.

முதல் கிழமை அது வாழை இலையைப் படம் எடுத்தது. காற்றில் ஆடுகிற வாழை இலை, வெயிலில் ஆடுகிற வாழை இலை, அதைத் தின்னுகிற ஆடு. இடையிடையே முற்றம் கூட்டுகிற இரஞ்சிதம். நாலு நாடும் பார்க்கிறது என்று தெரிந்த நாள் முதலாக அவள் வீட்டில் போடுகிற சோட்டிக் கவுனையும் அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டுதான் விளக்குமாறு தூக்கினாள். யாழ்ப்பாணத்தில் கம்பஸ் படிக்கிற மகள் தாரிகா வியாழக்கிழமை வந்து, வாழையை வெட்டி, கமராவை இடுப்பு உயரத்துக்கு இறக்கி, சூரியன் முகத்தில் அடிக்காமல் வடக்குப் பார்த்துத் திருப்பிவிட்டுப் போனாள். இனிப் பிழை வர வழியே இல்லை என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை.

இரஞ்சிதத்தின் வீட்டுக்கு எந்த இயந்திரம் வந்தாலும் முதல் வெள்ளி அதற்குக் கற்பூரம் காட்டிப் பொட்டு வைப்பாள். தண்ணீர் மோட்டருக்கு வைத்தாள், ஐந்து வருசமாக ஓடுகிறது. தாரிகாவின் ஸ்கூட்டிக்கு வைத்தாள், இரண்டு முறைதான் விழுந்தது. கமராவுக்கு நெற்றி எது என்பதில் மட்டும் கொஞ்சம் மயக்கம். மேலே பொடிப்பொடியாக பல்ப்புகள், கீழே ஒரு வெள்ளைக் குமிழி, நடுவில் வட்டமாக ஒரு கண்ணாடி. அந்த வட்டம் பொட்டுக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது. சந்தனத்தைக் குழைத்து அதில் அப்பி, மேலே குங்குமத்தைத் திருத்தமாக வைத்தாள்.

அன்று முதல் வந்த படங்கள் எல்லாவற்றிலும் நடுவில் ஒரு கருவட்டம். சுற்றிவர ஓரத்தில் மட்டும் உலகம் தெரிந்தது. லண்டன் அதைச் சந்திரன் என்றது. சுவிஸ் தண்ணீர் பூந்திருக்கும் என்றது. சனிக்கிழமை வந்த தாரிகா கமராவைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள், ஒரு பழந்துணியை எடுத்தாள். இரஞ்சிதம் அவளுடைய கையைப் பிடித்தாள்.

"வைச்ச பொட்டை அழிக்கிறதோ? சுமங்கலி வீட்டில உந்தக் கதையே வேண்டாம். தானா உதிரட்டும்."

தாரிகா தகப்பனைப் பார்த்தாள். சுமங்கலி என்ற சொல்லில் தன்னுடைய ஆயுளும் அடங்கியிருக்கிறது என்பதைத் தம்பிஐயா கவனித்திருந்தார்.

"உதிரட்டும்," என்றார்.

திருவிழாவுக்குத் தியாகலிங்கம் வந்து இறங்கினார். ராணிக்கு லீவு கிடைக்கவில்லை. ஆனால் அவருக்கு முன்னமே அவளுடைய கட்டளை வந்து சேர்ந்திருந்தது. அண்ணைக்குச் சீனி வருத்தம், தேத்தண்ணி வெறும் தேத்தண்ணி, சோறு ஒரு அகப்பை, மாம்பழம் கண்ணாலும் காட்டக் கூடாது. தியாகலிங்கம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நுளம்பு கடிக்கிறதென்று இடுப்பில் கட்டிய சாரத்துக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டுக்கொண்டு பகல் முழுக்க முற்றத்தில் கதிரையில் இருந்தார். கதிரை எந்தப் பக்கம் போட்டாலும் கொஞ்ச நேரத்தில் மரத்தைப் பார்த்துத் திரும்பிவிடும்.

மூன்றாம் நாள் விடியற்புறம் குழுவில் ஒரு படம் விழுந்தது. ரொறன்ரோவில் அப்போது இரவுச் சாப்பாடு முடிந்த நேரம். நடுச்சாமமான லண்டனும் சுவிஸும்கூட முழித்திருந்தன. பழம் பறிக்கிற கொக்கத்தடியைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு ஆள். பெரிய கட்டம் போட்ட சாரம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் முழுக்கப் பொட்டு.

இரஞ்சிதம் எழும்பி முகம் கழுவுவதற்குள் தீர்ப்புச் சொல்லி முடிந்திருந்தது. ராணியின் குரல்பதிவு கடைசியாகக் கிடந்தது.

"மச்சாள், நான் ஒண்டும் சொல்லேல்லை. படம்தான் சொல்லுது. உந்தச் சாரம் போன முறை நான் வரேக்க உங்கட ஆளுக்கு வாங்கித் தந்தது. திறப்பை உங்கட அண்ணையிட்டைக் குடுத்துவிடுங்கோ."

இரஞ்சிதம் திரும்பிப் பார்த்தாள். அதே சாரம் கட்டிலில் கிடந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. தம்பிஐயா எழுந்து கொக்கத்தடி தூக்குவது இருக்கட்டும், எழுந்து தண்ணீர் குடித்தே அவள் கண்டதில்லை. படத்தைப் பெரிதாக்கினாள். மேலே ஒன்றும் பிடிபடவில்லை. கீழே இறக்கினாள்.

சாரத்துக்குக் கீழே, இருட்டில் இரண்டு விளக்குப்போலப் பளிச்சென்று, வெள்ளைக் காலுறை.

ராணி கடையில் சாரம் இரண்டாகத்தான் எடுத்திருந்தாள். மற்றது அவளுடைய புருசனுக்கு. குழுவில் இருந்த அத்தனை பேரும் முகத்தைத் தேடிப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஒருவரும் காலைப் பார்க்கவில்லை.

இரஞ்சிதம் உடனே எழுதியிருக்கலாம். விரல் எழுத்தில் வைத்தது வைத்தபடியே நின்றது. எழுதினால் அண்ணை அடுத்த விமானத்தில் ஏற்றப்படுவார். எழுதாவிட்டால் அவளுடைய மனிசன் கள்ளன். அவள் வெறும் தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு படலையைத் திறந்தாள்.

தியாகலிங்கம் கதிரையில் இருந்து கோவிலுக்குப் போகிற முகத்தோடு பல்லுக் குத்திக்கொண்டிருந்தார். அவருடைய போன் உள்ளே சார்ஜில் கிடந்தது. பனியனில், வயிற்றுக்கு மேலே, மஞ்சளாக ஒரு நயினாதீவு வரைபடம்.

"அண்ணை, இரவு நல்ல நித்திரையோ?"

"ஓம், அடிச்சுப் போட்டமாதிரி."

"கள்ளன் வந்தவனாம். குழுவில படம் வந்திருக்கு."

அவர் பல்லுக் குத்துவதை நிறுத்தினார். கமரா கட்டியிருந்த பூவரசை மெல்லத் திரும்பிப் பார்த்தார். இத்தனை நாள் அதைப் பற்றிக் குழுவில் பேசிப் பேசி, அது தன்னையும் படம் எடுக்கும் என்பதைத் தவிர மற்ற எல்லாம் அவருக்கு நினைவிருந்தது.

அவள் படத்தைக் காட்டினாள். அவர் பொட்டைக் கண்டதும் மூச்சு விட்டார். பிறகு அவள் விரலால் கீழே இறக்கினாள்.

"எத்தினை?" என்றாள்.

"ரெண்டு."

அவள் அவருடைய பனியனைப் பார்த்தாள்.

"அஞ்சு. இரஞ்சி, உன்னைக் கும்பிட்டன், ராணியிட்டைச் சொல்லிப்போடாதை. முப்பது வருசமா அங்க மெக்சிக்கோ மாம்பழம் தின்னுறன். அது பழமே இல்லை."

"நான் சொல்லமாட்டன்," என்றாள் இரஞ்சிதம். "நீங்கள் சொல்லுங்கோ. எங்கட ஆளைக் கள்ளன் எண்டு போட்டாங்கள். நான் போய்த் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிப்போட்டு வாறன். அதுக்கிடையில."

அவள் கோப்பையைக் கிணற்றடியில் வைத்து, கழுவிய கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவினாள். வந்து பார்த்தபோது அவர் எழுதியிருந்தார். படத்தில் இருப்பது தான்தான் என்றும், மரநாயைக் கலைக்கக் கொக்கத்தடியோடு போனதாகவும். பாதி உண்மை. பாதி போதும் என்று அவர் நினைத்தார். ஆனால் எழுதியது போய்ச் சேர்ந்ததுமே வீடியோக் கோல் வந்துவிட்டது.

திரையில் ராணி. அவள் ஒன்றும் விசாரிக்கவில்லை.

"இஞ்சருங்கோ. வாயைத் திறந்து காட்டுங்கோ."

தியாகலிங்கம் திறந்தார். கறுத்தக்கொழும்பானில் நார் குறைவு. ஆனால் அஞ்சு பழத்துக்கு அஞ்சு நாராவது இல்லாமல் போகுமா. ராணி கனநேரம் பார்த்தாள். பிறகு திரை குலுங்கியது. போனைக் கீழே போட்டுவிட்டு ராணி சிரிக்கிற சத்தம் ரொறன்ரோவிலிருந்து கிணற்றடிவரை கேட்டது.

சிரித்து முடிந்ததும் தண்டனையை இரஞ்சிதமே சொல்ல வேண்டும் என்றாள். அம்மாளுக்குப் படைக்க முன்னம் வாய் வைத்த குற்றத்துக்குத்தான் அது என்றும், சீனி வருத்தத்துக்குரிய தண்டனையைத் தான் பிறகு தனியாகப் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னாள். இரஞ்சிதம் அதிகம் யோசிக்கவில்லை. எஞ்சிய பழத்தில் நல்லதாய்ப் பார்த்து ஆய்ந்து கூடை நிரப்பினாள். திருவிழாவன்று குறிகட்டுவானில் படகேறி, நயினாதீவு இறங்குதுறையில் இருந்து வீதி நெடுக, உச்சி வெயிலில், கூடையைத் தலையில் சுமந்து நடந்தவர் தியாகலிங்கம். காலுறை இல்லாமல். சூட்டில் அவர் வைத்த அடிகளைப் பார்த்த சனம், கனடாவில் இருந்து வந்தும் இவ்வளவு பக்தியோடு ஆடிக்கொண்டு போகிறாரே என்று வழிவிட்டது. தம்பிஐயா பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு போனார், தனக்கு.

ஆனால் மூன்று வருசப் பழி அப்படியே இருந்தது. அண்ணை இங்கே இல்லாத காலத்துப் பழங்களை அண்ணையின் தலையில் கட்ட ஏலாது. ராணி அதைப் பற்றிப் பேசவில்லை, திறப்பைப் பற்றியும் பேசவில்லை. பேசாமல் இருப்பது எவ்வளவு நேரம் தாங்கும் என்று இரஞ்சிதத்துக்குத் தெரியும். தாரிகா சொல்லிக்கொடுத்தபடி, சாட்சி கிடக்கட்டும் என்று, முற்றத்தை இரண்டு நாள் கூட்டாமல் விட்டாள். அந்த இரண்டு நாளும் அவளுக்கு உடம்பெல்லாம் கடித்தது.

வெயிலில் பொட்டு காய்ந்து, வெடித்து, துண்டு துண்டாக உதிர்ந்துகொண்டிருந்தது. படங்களில் கருவட்டம் ஒரு தோசையளவிலிருந்து வடையளவுக்கு வந்து, பிறகு மிளகளவில் நின்றது.

மூன்றாம் நாள் விடிய முன்னம், இருட்டில் எடுத்த படம் வந்தது. தோலும் கொட்டையும் சிதறிய முற்றம். நடுவில், ஒரு மாம்பழத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தபடி, ஒரு கொழுத்த மரநாய். கமராவை என்னவென்று பார்க்கக் கிட்ட வந்திருக்கிறது. கண் இரண்டும் பிரகாசம். மிஞ்சியிருந்த பொட்டு அதன் நெற்றியில், இரண்டு கண்ணுக்கும் நேர் நடுவில், கச்சிதமாக விழுந்திருந்தது.

குழுவில் லண்டன் ஒரு கும்பிடு போட்டது. சுவிஸ் ஒரு கும்பிடு போட்டது. கும்பிடுகள் வரிசையாக வந்து முடிந்த பிறகு ராணியின் குரல் வந்தது.

"மச்சாள், குறை நினையாதைங்கோ. திறப்பு உங்களிட்டையே கிடக்கட்டும். அடுத்த முறை நான் வரேக்க எனக்கு ரெண்டு பழம் எடுத்து வையுங்கோ. அதுக்கும் ரெண்டு விடுங்கோ, பொட்டு வைச்ச பிள்ளை."

இரஞ்சிதம் அதை மூன்று தரம் போட்டுக் கேட்டாள். பிறகு திறப்புக் கோர்வையை இடுப்பில் செருகி, அயர்ன் பண்ணிய சோட்டியைப் போட்டுக்கொண்டு, விளக்குமாற்றை எடுத்தாள். மரத்தடிக்கு வந்ததும் பூவரசைப் பார்த்து ஒருதரம் சிரித்தாள், நாலு நாடும் பார்க்கட்டும் என்று. பிறகு இரண்டு நாள் குப்பையையும் ஆசை தீரக் கூட்டத் தொடங்கினாள்.