முதுகெழுத்து

வயலின்காரியின் முதுகில் சின்னச் சின்ன வட்ட ஒட்டுகள் வரிசைகட்டி நின்றன. ஒட்டியவள் அவளுடைய தங்கை. இசைக்கலைஞர்களுக்கு வரும் கரப்பான் என்ற தோல் அரிப்பு நோயைப் பற்றித் தோல் மருத்துவமனையில் ஆராய்ச்சி செய்கிறவள். ஒவ்வொரு ஒட்டுக்குள்ளும் ஒரு பொருள் ஒளிந்திருந்தது. வயலினில் தாடையை ஊன்றும் தாடைக்கட்டையின் பிடியிலிருக்கும் நிக்கல், மரத்துக்குப் பூசும் வார்னிஷ், வில்லில் தேய்க்கும் பைன் பிசின், இன்னும் என்னென்னவோ. எதற்குத் தோல் சிவக்கிறதோ அதுதான் குற்றவாளி.

"தலையெழுத்து கேள்விப்பட்டிருக்கேன். இது என்னடி, முதுகெழுத்தா?" என்றாள் அக்கா.

"ரெண்டையும் உன்னால படிக்க முடியாது. பேசாம குப்புறப் படு."

நனைக்கக் கூடாது, சொறியக் கூடாது, வியர்க்க வியர்க்க வாசிக்கவும் கூடாது. வாசிக்கிற நிலையில் அவளும் இல்லை. விரல்நுனிகள் வெடித்து, தாடைக்கடியில் தோல் புண்ணாகிக் கிடந்தது. ஆறிய பிறகு வந்தால் போதும் என்று இசைக்குழுவில் அன்பாகத்தான் சொன்னார்கள். அந்த அன்புதான் பயமாக இருந்தது. நிக்கல் என்றால் தாடைக்கட்டையை மாற்றிவிடலாம். பிசின் என்றால்? பிசின் படாத வில்லுக்குக் குரலே கிடையாது. நிக்கலாக இருக்கட்டும் என்று கண்ணில் பட்ட நிக்கல் பூசிய கதவுத் தாழ்ப்பாளிடமெல்லாம் வேண்டிக்கொண்டாள்.

பகலெல்லாம் குப்புறப் படுத்துக் கண்ணயர்ந்தாள். கனவில் தோள்பட்டைகளுக்கு நடுவே பைன் மரங்கள் முளைத்தன. மரப்பட்டைகளிலிருந்து தேன்நிறத்தில் பிசின் சொட்டியது. மரங்களுக்கிடையே யாரோ ஒரு மெட்டை மெல்ல முனகிக்கொண்டே நடந்தார்கள். விழித்தபோது முதுகில் மிச்சமிருந்தது அரிப்பா, அந்த மெட்டா என்று அவளுக்குப் பிரித்தறிய முடியவில்லை.

உடன்பிறந்தவள் தீர்ப்பெழுதக் கூடாது என்பதால் ஒட்டுகளைப் பிரித்துப் பார்த்தவர் பெரிய டாக்டரம்மா. பெரிதாக எதுவும் தெரியவில்லை என்றார். சில பொருள்களுக்குத் தோல் மெதுவாகத்தான் சிவக்கும், இரண்டு நாள் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். அக்காவின் காதில் முதல் பாதிதான் விழுந்தது. வீடு வரும்வரை அவள் கால் தரையில் பாவவில்லை.

மறுபடி போனபோது டாக்டரம்மாவின் விரல் முதுகில் வரிசை வரிசையாக இறங்கி வந்து ஓரிடத்தில் நின்றது. லேசாக அழுத்தியது. நகரவில்லை.

"பைன் பிசின். நல்லா தடிச்சிருக்கும்மா" என்றார்.

தங்கை வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். பைன் கலக்காத பிசினும் செய்கிறார்களாம். முதலில் அதைச் சில வாரம் முழங்கையில் தடவிப் பார்க்க வேண்டுமாம். ஒத்துக்கொள்ளலாம், ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். அக்கா ஜன்னலுக்கு வெளியே ஓடும் விளக்குக் கம்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தங்கை கையுறை மாட்டிக்கொண்டு வயலினைப் பிசின் தூசி போகத் துடைத்தாள். தாடைக்கட்டையில் மெத்தென்று பருத்தித்துணி கட்டினாள். புதிதாகக் குதிரைமுடி கட்டி இன்னும் பிசின் படாத வில்லை எடுத்து நீட்டினாள்.

"சத்தம் வராதேடி."

"வர வேணாம். வாசி."

வில் பனிக்கட்டிமேல் போவதுபோலத் தந்திமேல் வழுக்கிச் சென்றது. தூங்குகிறவர் மூச்சுபோல் ஒன்று மட்டும் கேட்டது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். இசைக்குழுவில் வாசிக்க வேண்டியிருந்த நீண்ட, மெதுவான பகுதியை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். தங்கை நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து வில்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசித்து முடித்து அக்கா வில்லைக் கீழே வைத்தாள்.

"நடுவுல ஒரு எடத்துல அவசரப்பட்டுட்ட" என்றாள் தங்கை.

"எந்த எடத்துல?"

"திரும்ப வாசி, சொல்றேன்."

அக்கா வில்லை எடுத்தாள்.