செல்லாத சமாதானம்

செல்போனில் ஏஐ எழுதிக் கொடுத்த பதில்களால் உண்டான சமாதானங்கள் அனைத்தும் ஆடி மாத முடிவுக்குள் திரும்பப் பெறப்படும் என்று அரசு அறிவித்தது. அந்த ஏஐயைச் செய்த கம்பெனி முன்அனுமதி வாங்காமல் அந்த வசதியை எல்லார் போனிலும் இறக்கிவிட்டிருந்தது. கோவில்பட்டியில் திரும்பப் பெறும் வேலை மேற்குத் தெருக்களில் தொடங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சண்முகக்கனியின் வீட்டுக்கு வந்தது.

அவளும் தம்பி பால்வண்ணனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் இரண்டு பேர். அரசு ஆணையத்து அதிகாரி ஸ்டெல்லா, கம்பெனி ஆள் நிகில். இருவரும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள்.

"மொதல்ல சாப்பிட்டு முடிங்க. அவசரமில்ல" என்றாள் ஸ்டெல்லா.

பால்வண்ணனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சாளை மீன் குழம்பை இன்னொரு தடவை ஊற்றச் சொன்னான்.

அக்காவும் தம்பியும் ஒன்பது வருஷம் பேசாமல் இருந்தவர்கள். அம்மா இறந்த அன்று சண்முகக்கனி திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலையாக இருந்தாள். சேதி கிடைத்ததும் பஸ் ஏறினாள். வந்து இறங்கியபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். அம்மாவைத் தூக்கிப்போய்க் கொள்ளி வைத்தாகிவிட்டது. அன்றைக்கு நின்ற பேச்சு, அவள் ஊரோடு திரும்பி வந்த பிறகும் தொடங்கவில்லை. போன தை மாதம் பால்வண்ணன், 'எக்கா, நல்லா இருக்கியா' என்று ஒரு செய்தி அனுப்பினான். அதற்குக் கீழே ஏஐ எழுதிய பதில்கள் மூன்று கட்டங்களில் வந்தன. அவள் நடுக் கட்டத்தைத் தொட்டாள். 'வாடா, வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ' என்று போயிற்று. சாயங்காலமே வந்துவிட்டான். அதிலிருந்து ஞாயிறு தவறியதில்லை.

"அந்த வாக்கியம் கம்பெனியோடது. அதனால அதுக்கப்புறம் போட்ட சாப்பாடு எதுவும் செல்லாது" என்றாள் ஸ்டெல்லா.

"இப்ப நானே கூப்பிட்டா?"

"தாராளமா. சொந்த வார்த்தையில கூப்பிட்டீங்கன்னா நாங்க எழுந்து போயிருவோம்."

"அதே வார்த்தை வரக்கூடாது. அதுக்குப் பக்கத்துல உள்ள வார்த்தையும் வரக்கூடாதுங்க. எல்லாம் எங்க பேர்ல பதிஞ்சிருக்கு" என்றான் நிகில்.

சண்முகக்கனி கையைக் கழுவிவிட்டு வந்து நின்றாள். ஒரு வாக்கியம் போதும். பால்வண்ணன் எச்சில் கையோடு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் யாரும் யாரிடமும் பிரியத்தைச் சொன்னது கிடையாது. தட்டில் வைப்பதோடு சரி. அவள் தம்பியை எப்படியாவது இருத்திக்கொள்ள வேண்டும் என்று நினைத்துத்தான் வாயைத் திறந்தாள்.

"ஒரு மணி நேரம் பொறுக்க முடியலயாலே ஒனக்கு?"

ஸ்டெல்லா தலையை ஆட்டினாள். "இது உங்க சொந்த வாக்கியந்தான்."

"ஐஸ் பெட்டி கெடைக்கலக்கா. சித்திரை வெயிலு. எல்லாரும் எடு, எடுன்னு நின்னாங்க."

"எல்லாருக்குமா அவ அம்மா? எனக்கு அம்மா இல்லியா?"

"நீ பொங்கலுக்குப் பொங்கல் வந்து எட்டிப் பாத்துட்டுப் போனவதான?"

சண்டை நன்றாகத்தான் போனது. கொஞ்ச நேரத்தில் பால்வண்ணனுக்குப் புரையேறியது. அவள் அவன் தலையில் தட்டி, "மோர் ஊத்தட்டுமா?" என்றாள்.

ஸ்டெல்லா பேனாவை மூடினாள். "இந்தச் சண்டைய ஏத்துக்க முடியாதுங்க. பேசாம இருந்த பழைய நிலைமையில ஒப்படைக்கணும்னு சட்டம்."

"காரணம் தேஞ்சு போச்சு மேடம். ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம சாப்பிட்டிருக்காங்கல்ல. அதே காரணத்தப் புதுசா வச்சுத் தந்துருவோம். செலவு எங்களோடது" என்றான் நிகில்.

"இந்த அரைச் சண்டையே போதும்ங்க" என்றான் பால்வண்ணன். "நான் வராம இருந்துக்கிடுதேன். அக்காவ அலைய விடாதீங்க."

"உங்களுக்கு விட்டா மத்தவங்களும் கேப்பாங்க" என்றாள் ஸ்டெல்லா.

மறுநாள் காலையில் கம்பெனி வேன், ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இறந்த அம்மாவை அப்படியே கொண்டுவந்து பால்வண்ணன் வீட்டில் இறக்கியது. அன்றைக்குக் கட்டியிருந்த அதே அரக்குச் சுங்குடிச் சேலைதான் கட்டியிருந்தாள் என்று தெருவில் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஐஸ் பெட்டிக்கு அனுமதி இல்லை. சண்முகக்கனியைத் திருப்பூருக்குக் கூட்டிப்போக ஒரு கார் வாசலில் நின்றது.

அவள் பையோடு தம்பி வீட்டுப் படி வரைக்கும் வந்தாள். "மொகத்த மட்டும் ஒரு தடவ பாத்துட்டுப் போறேனே" என்று கேட்டாள்.

"அன்னைக்கு நீங்க பாக்கலியேம்மா" என்றாள் ஸ்டெல்லா. அவள் குரலில் கோபம் எதுவும் இல்லை.

பால்வண்ணன் உள்ளேயிருந்து வாசலுக்கு ஓடி வந்தான். என்னவோ சொல்ல வந்து, எதிலெல்லாம் கம்பெனி பேர் இருக்குமோ என்று யோசித்து நின்றான். கார் நகரும்போது, "எக்கா, வெரசா வந்துரு" என்றான். அது அவனுடைய சொந்த வாக்கியம்தான் என்று நிகில் குறித்துக்கொண்டான். கொள்ளிக்குப் பிந்தும்படி பஸ் நேரம் ஏற்கெனவே முடிவாகியிருந்தது.

திருப்பூர் பஸ் நிலையத்தில் அவளுக்கான பஸ் தயாராக நின்றது. ஏறக்குறைய எல்லா சீட்டிலும் அவளைப் போலவே கம்பெனி கூட்டிவந்த ஆட்கள் இருந்தார்கள். டிரைவர் ஸ்டியரிங் மேல் பேப்பரை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"இன்னுங் கொஞ்சம் லேட்டாவோணுங்க" என்றார் கண்டக்டர். "டீ குடிக்கறவங்க எறங்கிக் குடிச்சுட்டு வாங்க."

யாரும் இறங்கவில்லை. பட்டுச்சேலையில் தலை நிறையப் பூ வைத்திருந்த ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் மட்டும் இடம் இருந்தது. சண்முகக்கனி அங்கே போய் நின்றாள்.

"எதுக்கு லேட்டாப் போறீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"அம்மா கெடக்கா. நீங்க?"

"கல்யாணம்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, சீட்டில் வைத்திருந்த மாலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவளுக்கு இடம் விட்டாள்.